ரத்தமில்லாத மீன்

ஆங்கரேஜ்,
மே 19, 1992

அன்புள்ள எஃபிம் அண்ணனுக்கு,

தம்பி லாரியன் எழுதுவது. இங்கே நானும் நோராவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மத்ரோனா அக்காவின் இருமல் பனியோடு போய்விட்டதா, இல்லை இன்னும் ஊரை எழுப்புகிறதா?

ஒரு நல்ல சேதி. போன ஜூலையில் நம் அருவியில் நான் எடுத்த படம் பத்திரிகையின் அட்டையில் வந்திருக்கிறது. வாயில் சால்மன் மீனோடு நம் கரடி மடிகாதி நேராக என்னைப் பார்ப்பாளே, அந்தப் படம். ஒரு பிரதி இதோடு வருகிறது. ஆசிரியர் தொலைபேசியில், "இருபது வருஷமா கரடிப் படம் பாக்குறேன். இவ்வளவு கிட்ட, இவ்வளவு சுத்தமா ஒண்ணு என் மேசைக்கு வந்ததில்ல" என்றார். இந்த ஆண்டின் சிறந்த படம் என்று அதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அக்டோபர் கடைசியில் சியாட்டிலில் பரிசு தருகிறார்கள். நீங்கள் வந்தால் முதல் வரிசையில் உட்கார வைப்பேன்.

இந்தக் கோடையில் என்னால் அருவிக்கு வர முடியாது. வேலை கழுத்தைப் பிடிக்கிறது. மடிகாதி வந்தால் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
லாரியன்


சுல்யாக் ஆற்று முகாம்,
ஜூன் 11, 1992

தம்பி லாரியனுக்கு,

அண்ணன் எஃபிம் எழுதுவது. நீயும் நோராவும் சுகம் என்று அறிந்தேன், மகிழ்ச்சி. என் முழங்கால் என்னைப் போலத்தான். இருக்கிறது, ஆனால் மடங்க மாட்டேன் என்கிறது. மத்ரோனாவின் இருமல் அவளைப் போல. போகச் சொன்னால் போகாது.

பத்திரிகை வந்தது. "யாரும் அறியாத ஆறு" என்று எழுதியிருக்கிறாய். நம் அப்பா அந்த ஆற்றின் வாயில் வலை கட்டியே நம்மை வளர்த்தார். பன்னிரண்டு வருடமாக நான் வேடிக்கை பார்க்க வருகிறவர்களை அந்த அருவிக்குக் கூட்டிப்போகிறேன். நாங்களெல்லாம் யார்? உன்னை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. ஃபேர்பேங்க்ஸில் எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியர், நான் ஐந்து கோடை மழையில் நின்று பார்த்துச் சொன்னதையெல்லாம் தன் புத்தகத்தில் போட்டுக்கொண்டு, கடைசிப் பக்கத்தில் "உள்ளூர் உதவியாளர் ஒருவர்" என்று நன்றி சொன்னார். ஒருவர்! அவரும் நானும் ஒரே பட்டம் வாங்கியவர்கள். அவர் செத்தபோது நான் பூ அனுப்பவில்லை. உன் ஆறு பக்கக் கட்டுரையில் எனக்கு அந்த "ஒருவர்"கூட இல்லை.

மத்ரோனா அட்டையைக் கிழித்து அடுப்புக்கு மேலே ஒட்டிவிட்டாள். "பயலுக்குப் படம் எடுக்கத் தெரியுதுண்ணே. எங்கம்மா செத்த நாப்பதாம் நாளுக்கு வரத்தான் தெரியல" என்றாள். சித்தியின் வழிபாட்டுக்கு நாங்கள் எல்லோரும் ஊருக்குப் போனபோது, முகாமைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நீ இங்கேயே இருந்துவிட்டாய் அல்லவா, அதை அவள் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை.

கரடிகள் கடலோரப் புல்லில் மேய்கின்றன. மீன் இன்னும் ஏறவில்லை. அடுத்த வாரம் முதல் கூட்டம் வருகிறது. பத்துப் பேருக்கு மேல் கிடையாது. தினமும் ஒரே பாதை, ஒரே நேரம், ஒரே சரளை மேடு. மேட்டில் ரொட்டித் துணுக்குகூடக் கூடாது. கரடிக்கு நாம் பாறை மாதிரி இருக்க வேண்டும். பாறை துரத்தாது, தீனியும் போடாது. உனக்குத் தெரிந்ததுதான். வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி என் வாய்க்கு வேறு பேச்சு வருவதில்லை.

பரிசுக்கு வாழ்த்து. சியாட்டிலுக்கு வர என்னிடம் நல்ல கோட்டு இல்லை.

எஃபிம்


சுல்யாக் முகாம்,
ஜூலை 5, 1992

தம்பிக்கு,

எல்லோரும் சுகமா? இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான்.

மடிகாதி வந்துவிட்டாள். அருவியில் மற்ற கரடிகள் இடம்பிடிக்க உறுமிக்கொண்டிருக்க, இவள் தண்ணீரைத் திரும்பியும் பார்க்காமல் நேரே எங்கள் மேட்டுக்கு வந்தாள். டென்வரிலிருந்து வந்த பல் டாக்டர் ஒரு பெண்மணி கேமரா ஸ்டாண்டோடு நின்றிருந்தாள். அவள் முன்னால், இரண்டு கை நீளத்தில், மடிகாதி உட்கார்ந்துவிட்டாள். மீன் வைத்துச் சுடும் பிரோக் வேகும்வரை அடுப்படியில் நாம் உட்கார்ந்திருப்போமே, அதே உட்காரல். மூக்கை நக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"ஐயோ, எவ்வளவு அழகு! என்கிட்ட பேச வர்றா!" என்று அந்தப் பெண்மணி கண் கலங்கினாள்.

"பேச வரலம்மா, எதையோ கேக்க வர்றா. ஸ்டாண்டை மடக்காதீங்க, மெல்லப் பின்னால வாங்க" என்றேன்.

அவள் பின்வாங்கியதும் மடிகாதி எழுந்து ஸ்டாண்டை ஓர் அறை விட்டாள். கேமரா ஆற்றில் போயிற்று. நான் சத்தம் மட்டும் போடும் வேட்டுத் தோட்டா சுட்டேன். புதருக்குள் போனாள். நான் மேட்டை விட்டு இறங்கியதும் திரும்ப வந்து ஸ்டாண்டுகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். பைகளைத் தொடவில்லை. ஸ்டாண்டுகளை மட்டும்.

வனவிலங்கு அதிகாரி விமானத்தில் வந்து பார்த்தார். நல்ல மனுஷர். "இன்னொரு தடவை ஆள் மேலயோ பொருள் மேலயோ கை வச்சா சுட்டுருங்க எஃபிம். எனக்கும் பிடிக்கலதான். ஆனா அடுத்தது மனுஷத் தலையா இருக்கும்" என்றார். துப்பாக்கி என்னிடம்தான் இருக்கிறது. ஐந்து வயதுப் பெட்டை. இன்னும் குட்டிகூடப் போடவில்லை.

மூன்று கோடையாக அவளை நான் அறிவேன். இப்படி இருந்தவள் இல்லை. போன ஜூலையில் நீ தனியாக இருந்தபோது ஏதாவது நடந்ததா? கோபப்பட மாட்டேன். தெரிந்தால்தான் எனக்கு வழி தெரியும்.

எஃபிம்


ஆங்கரேஜ்,
ஜூலை 14, 1992

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இங்கே இந்த வருடம் வெயில் கொஞ்சம் அதிகம். நோரா பால்கனியில் தக்காளி வைத்திருக்கிறாள். காய் பிடித்திருக்கிறது.

மடிகாதியைப் பற்றி எழுதியிருந்தீர்கள், வருத்தமாக இருந்தது. இந்த வயசுக் கரடிகளுக்குக் குறுகுறுப்பு அதிகம் என்று நீங்கள்தான் சொல்வீர்கள். பக்கத்து விரிகுடாவில் மீன் ஆலை திறந்ததிலிருந்து குப்பையில் என்னென்னவோ கிடைக்கிறதாமே? அதுவாக இருக்கலாம். நீங்கள் இருக்கும்போது எனக்கு என்ன பயம்? நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள்.

படத்தைச் சுவரொட்டியாகவும் போடப்போகிறார்களாம். மத்ரோனா அக்காவிடம் சொல்லுங்கள், புகைபோட்ட மீன் கொஞ்சம் அனுப்பினால் நோரா சந்தோஷப்படுவாள்.

லாரியன்


சுல்யாக் முகாம்,
ஜூலை 22, 1992

லாரியனுக்கு,

உன் தக்காளி நன்றாகப் பழுக்கட்டும். நான் கேட்டதற்கு அதில் பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றுவாயில் அப்பாவின் இடத்தில் வலை போட்டோம். மத்ரோனா மீன் எடுக்க எடுக்க நான் செவுளைக் கிள்ளிக் கிள்ளித் தண்ணீரில் அலசிப் போட்டேன். அப்பா நம் இருவருக்கும் பேசக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் கற்றுக்கொடுத்தது அது. கையில் வந்த மீனை ரத்தம் வடியவிடாமல் கீழே வைத்தால் முதுகில் அடி விழும். பிறகு சமையலறைக்கு வந்து கை கழுவினேன். கண்ணுக்கு நேரே அடுப்புக்கு மேல் உன் படம்.

தினமும் டீ போடும்போது பார்க்கிற படம்தான். அன்றைக்குத்தான் கரடியை விட்டுவிட்டு மீனைப் பார்த்தேன்.

அந்த மீன் விறைத்து நிற்கிறது. கரடி வாயில் உயிருள்ள சால்மன் வில்லாக வளையும், வாலால் அதன் கன்னத்தில் அறையும். சரி, செத்த மீனைத் தூக்கியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ரத்தம் எங்கே? பல் இறங்கிய இடத்தில் ஒரு சொட்டு இல்லை. அவள் மார்பில் இல்லை, மோவாயில் இல்லை. செவுள் திறந்திருக்கிறது. உள்ளே சிவப்பாக இருக்க வேண்டியது கழுவிய துணிபோல வெளுத்திருக்கிறது. இடது பக்கம் கிள்ளியிருக்கிறது.

மத்ரோனாவைக் கூப்பிட்டேன். ஈரக் கையோடு வந்து மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள்.

"அண்ணே, இது நம்ம வீட்டு மீனு."

"ம்."

"கரடிக்குப் போடுற மீனையும் செவுள் கிள்ளிப் போட்டிருக்கான் பாரு. பெரியப்பா அடிச்ச அடி வீண்போகல."

சிரித்தாள். அப்புறம் படத்தைப் பிடுங்கி மேசைமேல் குப்புறப் போட்டுவிட்டு, "எங்கம்மாவுக்கு அங்க மெழுகுவத்தி ஏத்திக்கிட்டிருந்தோம். இவன் இங்க விருந்து வச்சிருக்கான்" என்று வெளியே போனாள்.

உன் ஆசிரியர் "சுத்தமான படம்" என்றாரே, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மீனவன் பிள்ளை எடுத்த படம் அல்லவா. வேறு எவன் போட்டிருந்தாலும் மீன் அழுக்காக இருந்திருக்கும், எனக்கும் தெரிந்திருக்காது.

உன் பரிசைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அதை நீயே தின்றுகொள். எனக்கு அவள் உயிர் வேண்டும். அதற்கு வழி இருக்கிறது, எனக்குத் தெரியும். நான் எத்தனை வேட்டுச் சுட்டாலும் "எஃபிம் இருக்கும்போது கூடாது" என்றுதான் கற்றுக்கொள்கிறாள். அவளுக்குத் தீனி போட்டவன் நான் இல்லை. போட்ட ஆள் வர வேண்டும். அதே மேட்டில், அதே இடத்தில், அதே ஸ்டாண்டோடு நிற்க வேண்டும். அவள் வந்து உட்காரும்போது அந்தக் கையே அவளை விரட்ட வேண்டும். கரடிக்கு ஆள் தெரியும். நடை தெரியும், வாடை தெரியும், குரல் தெரியும்.

சிவப்பு சால்மன் ஏறி முடிவதற்குள் வா. முடிந்துவிட்டால் அவள் எங்கே போவாளோ, எந்தக் கூடாரத்தில் மூக்கை விடுவாளோ.

எஃபிம்


சுல்யாக் முகாம்,
ஜூலை 30, 1992

லாரியன்,

நலமா என்று கேட்க நேரமில்லை. தபால் விமானம் தண்ணீரில் நிற்கிறது, விமானி ஹாங்க் கத்துகிறான். பையில் உன் கடிதம் இல்லை.

நேற்று மடிகாதி ஓர் ஆளின் தோளைத் தட்டினாள். நகம் படவில்லை, கோட்டு கிழிந்தது. நான் துப்பாக்கியைத் தூக்கிவிட்டேன். விசையில் விரல் இருந்தது. அவள் ஸ்டாண்டை முகர்ந்துவிட்டுத் தானாகப் போனாள். அதிகாரியிடம் வானொலியில் சொல்லியாக வேண்டும், சொன்னேன். அடுத்த வாரக் கடைசியில் அவரே வருகிறார். அதற்குள் அவள் மாறவில்லை என்றால் அவர் முன்னால் நான் செய்தாக வேண்டும்.

எஃபிம்


ஆங்கரேஜ்,
ஆகஸ்ட் 2, 1992

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நோரா உங்களை விசாரித்தாள். அவளுக்கு இதெல்லாம் தெரியாது.

படத்தில் இருக்கும் மீனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பெரிய படிப்புப் படித்தவர் நீங்கள், உங்களோடு நான் வாதாட முடியுமா? ஆனால் அண்ணா, இப்போது நான் அங்கே வந்தால் ஏன் வந்தேன் என்று நாலு பேர் கேட்பார்கள். ஹாங்க் ஒருவன் போதும், கடற்கரை முழுக்கச் சொல்லிவிடுவான். இருபது வருடம் திருமண வீடுகளில் படம் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். இந்த ஒரு படம்தான் என்னை ஆளாக்கியது. அது உங்களுக்குப் புரியாது, நீங்கள் எப்போதும் பெரியவராகவே இருந்துவிட்டீர்கள்.

ஒரு யோசனை. போன கோடையில் நான் போட்டிருந்த மஞ்சள் கோட்டு அப்படியே இருக்கிறது, துவைக்கவில்லை. இந்தப் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். நமக்கு ஒரே உயரம். நீங்கள் அதைப் போட்டுக்கொண்டு நின்றால் அவளுக்கு வித்தியாசம் தெரியுமா என்ன?

லாரியன்


சுல்யாக் முகாம்,
ஆகஸ்ட் 7, 1992

லாரியனுக்கு,

உன் கோட்டு நலமாக வந்து சேர்ந்தது. நானும் நலம், சிரிப்புக்கு ஆளானதைத் தவிர.

போட்டுக்கொண்டு நின்றேன். இந்த வயதில், ஒரு பட்டதாரி, தம்பியின் மஞ்சள் கோட்டுக்குள். மத்ரோனா மேட்டுக்குக் கீழேயிருந்து, "அண்ணே, கொஞ்சம் இளிச்சுக்கிட்டு நில்லு. இல்லன்னா அவனாட்டம் இருக்காது" என்றாள்.

மடிகாதி வந்தாள். தூரத்தில் மஞ்சளைப் பார்த்ததும் ஓட்டமாகவே வந்தாள். காற்று என் பக்கமிருந்து அவளுக்கு அடித்தது. பாதி வழியில் நின்றாள். மூக்கைத் தூக்கினாள். என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள் பார், அப்படி என்னை யாரும் பார்த்ததில்லை, அந்தப் பேராசிரியர்கூட. திரும்பிப் போய்விட்டாள். இவளை ஏமாற்ற முடியாது தம்பி. பத்திரிகை நடத்துகிறவள் இல்லை.

ஓட்டமாக வந்ததை வைத்துச் சொல்கிறேன், நீ போட்டது ஒரு மீன் இல்லை.

அதிகாரியிடம் கெஞ்சி இன்னும் ஒரு வாரம் வாங்கியிருக்கிறேன். நான் கெஞ்சுகிறவன் இல்லை, உனக்குத் தெரியும். வியாழக்கிழமை விமானத்தில் உனக்கு ஓர் இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவளை நான் குணப்படுத்திவிடுவேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மருந்து மட்டும் உன்னிடம் இருக்கிறது. காலி இடத்தோடு விமானம் வந்தால் நானே சுடுகிறேன். சுட்டுவிட்டு உனக்கு எழுத மாட்டேன்.

எஃபிம்


ஆங்கரேஜ்,
ஆகஸ்ட் 24, 1992

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். மத்ரோனா அக்கா கட்டிக்கொடுத்த பிரோக் வழியிலேயே தீர்ந்துவிட்டது. தோளில் துப்பாக்கி உதைத்த இடம் கன்றிப் பச்சையாக இருக்கிறது.

அங்கே இருந்தபோது நாம் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. விமானத்தை விட்டு இறங்கியதும் அக்கா, "வாய்யா நட்சத்திரமே. எங்கம்மாவுக்கு வருஷமே திரும்பிருச்சு, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். நீங்கள் "எத்தனை மீன்?" என்று கேட்டீர்கள். நான் "நாலு" என்றேன். நீங்கள் "சாப்பிடு, காலைல வேலை இருக்கு" என்றீர்கள். அவ்வளவுதான்.

மேட்டில் நீங்கள் எனக்குப் பின்னால் நின்றீர்கள். அவள் முகம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

புதரிலிருந்து வந்ததும் என்னைக் கண்டுகொண்டாள். அந்த மடிந்த காது ஆடியது. பழைய இடத்தில், தட்டைக் கல்லுக்குப் பக்கத்தில், சரியாக அங்கேயே வந்து உட்கார்ந்தாள். நான் முதல் வேட்டைச் சுட்டபோது சத்தம் எங்கிருந்து வந்தது என்று வானத்தைப் பார்த்தாள். என்னைச் சந்தேகப்படவே இல்லை, அண்ணா. திரும்ப என்னைப் பார்த்து மூக்கை நக்கினாள். நீங்கள் பின்னாலிருந்து, "குரல் குடுடா. சத்தத்துக்குப் பயந்தா போதாது, உனக்குப் பயப்படணும்" என்றீர்கள். போன வருடம் நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் மீன் போட்டேன். அதே குரலில்தான் கத்த வேண்டும் என்று நீங்கள் அறியாமலா சொன்னீர்கள்?

"போடீ! மடிகாதி, போடீ!" என்று கத்திக்கொண்டே ரப்பர் தோட்டாவைச் சுட்டேன். தொடையில் பட்டது. அவள் போட்ட சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கும். அதற்கு முன்னால் ஒரு நொடி, உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தாள். அதை நீங்கள் பார்க்கவில்லை. பார்க்காததே நல்லது.

மறுநாள் பாதி வழி வந்து உட்கார்ந்தாள். திரும்பச் சுட்டேன். கடைசி நாள் தூரத்தில் என்னைக் கண்டதுமே ஆற்றில் குதித்து எதிர்க்கரைக்குப் போனாள். நீங்கள் கை தட்டினீர்கள். அக்காவும் தட்டினாள். நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

ஸ்டாண்டில் இருந்த கேமராவில் பிலிம் போடவில்லை.

லாரியன்


சுல்யாக் முகாம்,
செப்டம்பர் 10, 1992

தம்பி லாரியனுக்கு,

நோராவும் நீயும் சுகம்தானே? தோளுக்குச் சூடான ஒத்தடம் கொடு. துப்பாக்கியைத் தோளில் ஒட்டிப் பிடிக்கச் சொல்லிச் சின்ன வயதிலிருந்து கத்துகிறேன்.

அதிகாரி வந்து இரண்டு நாள் மேட்டில் உட்கார்ந்திருந்தார். மடிகாதி வரவே இல்லை. "இது போதும் எஃபிம்" என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

அவருக்குப் போதும். எனக்குப் போதாது. நீ போன நாளிலிருந்து அவளை ஒருவரும் பார்க்கவில்லை. அருவியில் இல்லை, கீழே புல்வெளியில் இல்லை. உன் வெற்றி கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டதோ என்று இருக்கிறது. மீன் ஆலைப் பக்கம் போயிருந்தால் முடிந்தது கதை. அங்கே ரப்பர் தோட்டா வைத்துக்கொண்டு யாரும் காத்திருக்கவில்லை. வானொலியில் கேட்டேன். "இந்த மாசம் ரெண்டு சுட்டோம். காது எப்படி இருந்துதுன்னு யாரு பாத்தா?" என்றான் ஒருவன்.

மத்ரோனா, "அவ புத்திசாலிண்ணே, மேல போயிருப்பா" என்கிறாள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். பன்னிரண்டு வருடம் கரடி பார்த்தவன் தப்புக் கணக்குப் போட மாட்டேன்.

அக்டோபரில் நீ மேடை ஏறுவாயா என்று நான் கேட்கவில்லை.

எஃபிம்


ஆங்கரேஜ்,
செப்டம்பர் 24, 1992

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். தோள் சரியாகிவிட்டது.

ஆசிரியருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். மீன் நான் போட்டது என்றேன். "யாருக்கும் தெரியாதே லாரியன், எதுக்குச் சொன்னீங்க?" என்றார். என் அண்ணனுக்குத் தெரியும் என்றேன். பரிசு ஓர் ஆந்தைப் படத்துக்குப் போகிறது. நோராவிடமும் சொன்னேன். மூன்றாம் நாள் அவள், "முன்னாடியே என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றாள். இந்தச் சனிக்கிழமை ஒரு திருமணத்துக்குப் படம் பிடிக்கப் போகிறேன்.

இதைச் சொல்ல எழுதவில்லை. அவள் தென்பட்டாளா?

லாரியன்


சுல்யாக் முகாம்,
அக்டோபர் 8, 1992

அன்புள்ள தம்பி லாரியனுக்கு,

அண்ணன் எஃபிம் எழுதுவது. இங்கே நான், மத்ரோனா, முழங்கால் மூவரும் சுகம். நாளை முகாமைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறோம். மலையில் பனி பாதிவரை இறங்கிவிட்டது. நோராவைக் கேட்டதாகச் சொல். அவள் தக்காளி கடைசியில் பழுத்ததா என்று நீ எழுதவே இல்லை.

பரிசைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆந்தை எடுத்தவன் என்ன செய்து எடுத்தானோ, அவன் அண்ணனுக்குத்தான் தெரியும்.

நேற்று நானும் மத்ரோனாவும் அருவியைத் தாண்டி மேலே நடந்தோம். ஆறு இரண்டாகப் பிரிந்து பாறைகளுக்கு நடுவே இரையும் இடம் இருக்கிறதே, அப்பா நம்மைப் போகவே விடாத இடம், அதுவரை. மனிதர் யாரும் போகாத இடம்தான் அவளுக்கு இனிப் பிடிக்கும் என்று நான் கணக்குப் போட்டேன். கணக்கு சரி. வெள்ளி சால்மன் ஏறுகிற நேரம். அவள் இடுப்புவரை தண்ணீரில், தலையை முக்கி வைத்துக்கொண்டு நின்றாள். பின்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. அடையாளம் தெரியவில்லை. தலையைத் தூக்கினாள், காது மடிந்திருந்தது.

கொழுத்திருக்கிறாள் தம்பி. வயிறு தரையைத் தொடுகிறது. குகைக்குள் போகிற கரடி அப்படித்தான் இருக்க வேண்டும். வாயில் அவளே பிடித்த மீன். வில்லாக வளைந்து அவள் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தது. கரையேறி, கல்மேல் அதைக் காலால் அழுத்தி, முதல் கடி கடிக்கப் போனாள்.

அந்த நேரம் பார்த்து மத்ரோனாவுக்கு இருமல் வந்தது.

மடிகாதி எங்களைப் பார்த்தாள். எவ்வளவு தூரம் தெரியுமா? நீ கூப்பிட்டால் எனக்குக் கேட்காத தூரம். பார்த்த கையோடு, மீனை அப்படியே போட்டுவிட்டு, மேட்டில் ஏறிப் புதருக்குள் மறைந்துவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அடிப்பாவி, மீனையே போட்டுட்டு ஓடுறாளே!" என்றாள் மத்ரோனா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருமலால்தான் என்றாள்.

உன் அட்டையில் இருந்தவளை இனி ஒருவனும் கிட்டத்தில் படம் எடுக்க முடியாது. அவளைத் தேடி வருகிறவர்களிடம், அப்படி ஒரு கரடி இங்கே இல்லை என்று சொல்லப்போகிறேன். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான் செய்ததில் நல்ல வேலை இதுதான். பாதி உன்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். மீதியையும் எழுதி எங்காவது அச்சில் போட்டுவிடாதே.

உன்னைக் கண்டால் அவள் இன்னும் தூரம் ஓடுவாள். அதனால் அடுத்த ஜூலையில் நீ கட்டாயம் வர வேண்டும். மேட்டில் இடம் வைத்திருக்கிறேன். மத்ரோனா அவள் அம்மாவுக்கு ஒரு வழிபாடு வைக்கிறாள், முதலில் அதற்கு வந்துவிட்டு அப்புறம் இங்கே வா.

அந்த மீன் கல்மேல் துடித்துக்கொண்டு கிடந்தது. நல்ல மீன், பெரியது. மத்ரோனா அதைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். தொடவில்லை. என் முழங்காலையும் பாராமல் வந்த வழியே வேகமாக நடந்தோம், மடிகாதி சீக்கிரம் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று.

உன் அண்ணன்,
எஃபிம்